இரவல் அழுகை

தொலைக்காட்சித் தொடரில் ஒரு கட்டடம் பற்றி எரிகிறது. மாடியில் ஒரு கிழவி அலறுகிறாள். எங்கேயோ ஒரு குழந்தை வீறிடுகிறது. தெருவில் நிற்கிற ஒருத்தி, "ஐயையோ, உள்ள ஆள் இருக்குப்பா!" என்று மாரில் அடித்துக்கொள்கிறாள். பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறுகிறது. அத்தனை பேரும் ஒரே ஆள் என்றால் நம்புவோமா? காலையில் பாத்திரம் கழுவிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, செருப்பைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு மைக் முன்னால் வந்து நின்ற ஒரே பெண்பிள்ளை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கும்பலக்கா.

கதாநாயகிக்குக் குரல் கொடுக்கிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு நாற்காலி உண்டு, பிளாஸ்கில் வெந்நீர் உண்டு, கடைசியில் ஓடுகிற எழுத்தில் பெயரும் உண்டு. கும்பல் குரல்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மைக்கைவிட்டு நாலடி தள்ளி நின்று ஒரு முறை, சுவரைப் பார்த்துத் திரும்பி ஒரு முறை, வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஒரு முறை என்று கத்திவிட்டு வரவேண்டியதுதான். சவுண்டு இன்ஜினியர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் ஊர் கூடிவிடும். ஆண் குரல், பெண் குரல், கிழட்டுக் குரல் எதுவும் அவளுக்கு வரும். ஆனால் அழுகையில்தான் அவள் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் சும்மா வந்ததில்லை. போகிற இடமெல்லாம் காதைத் தீட்டி வைத்திருப்பாள். தெருக்குழாயில் குடம் பறிபோன ஒருத்தி, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து விக்கலோடு அழுததைப் பிடித்துவைத்தாள். அது குழாயடி அழுகை. மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் மூக்கால் அழுதது ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது ஒன்று. இப்படி அவளிடம் ஒரு பெட்டி நிறைய இரவல் அழுகை இருந்தது. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாள்.

சொந்த அழுகையை மட்டும் கொடுக்கமாட்டாள். அந்தத் தொழிலில் அப்படி ஒரு பேச்சு உண்டு. யார் ஆரம்பித்தார்களோ, எல்லாரும் அதற்குப் பயப்படுவார்கள். விதவிதமாக இருமுவதில் பேர் வாங்கிய ஒருவர் அவளோடு கும்பல் குரல் கொடுத்தார். எல்லாரும் அவரை இருமல் அண்ணன் என்பார்கள். அவர் சொல்வார்: "கடைச் சரக்கை எவ்வளவு வேணா விக்கலாம் அக்கா. வீட்ல சமைக்கிற சட்டியைத் தூக்கி வித்துட்டா ராத்திரிக்கு எதுல சமைப்பே?" அவரும் நிஜ இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வந்து, பிறகு தொழில் இருமலை இருமுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவளுடைய சொந்த அழுகை என்ன என்பது அவளுக்கே ஒரு தடவைதான் தெரிந்தது. அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டி வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். ஆள் மலை மாதிரி. கல்யாணமான புதிதில் ஒரு நாள், சாரம் சரிந்துவிட்டது, பெயிண்டர் போய்விட்டார் என்று எவனோ ஒரு புண்ணியவான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து அவளிடம் சொல்லிவிட்டான். அவள் வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள்: "ஐயோ… யாராவது வாங்களேன்!" முதலில் 'ஐயோ' கீழேயிருந்து கிளம்பும், 'யாராவது' நடுவில் உடையும், 'வாங்களேன்' என்பதில் குரலே இருக்காது, காற்றுதான் இருக்கும். தெருவே ஓடிவந்தது. அந்த நேரம் பார்த்து, காது மடலெல்லாம் நீலப் பெயிண்டோடு, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவை ஆட்டிக்கொண்டு பெயிண்டர் நடந்து வந்தார். விழுந்தது காலி பெயிண்ட் டப்பாவாம்! "எனக்கா அழுதே? எனக்கா?" என்று அன்றைக்கு முழுக்க அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் பல வருஷம் கழித்து வந்தது அந்தச் சிரிப்புத் தொடர். கதை ஒன்றும் பெரிதில்லை. மச்சான் வீடு மாறுகிறான், சாமான் தூக்க வரச்சொல்கிறான். போகப் பிடிக்காத புருஷன் மூச்சு நின்றவன் மாதிரி தரையில் சாய்ந்துவிடுகிறான். பெண்டாட்டி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு அலறுகிறாள். பக்கத்து வீட்டு ஆள் வாசலில் தலையை நீட்டி, "வந்துட்டோம், வந்துட்டோம்! டீ போட்டாச்சா?" என்கிறான். கீழே கிடக்கிறவன் அவனைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்து கண்ணடிக்கிறான். அவ்வளவுதான். பெண்டாட்டியாக நடித்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கே சேனலுக்கு அனுப்பியாக வேண்டும். கும்பலக்காவைக் கூப்பிடு என்றார்கள்.

அவள் மாமியார் அழுகையைக் கொடுத்தாள். டைரக்டர் தலையை ஆட்டினார். குழாயடி அழுகையைக் கொடுத்தாள். அதுவும் வேண்டாமாம்.

"சிரிப்பு சீன்தானேன்னு ஏனோதானோன்னு அழாதீங்கம்மா. நீங்க நிஜமா பதறினாத்தான் அவன் கண்ணடிக்கிறப்போ ஜனம் சிரிக்கும். வீட்ல உங்களுக்கே இப்படி ஆனா எப்படிக் கத்துவீங்க?"

காலையிலிருந்து ஒரு கலவரக் காட்சிக்குக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. பசி வேறு. பெட்டியில் கைவிட்டால் எதுவும் சிக்கவில்லை. திரையில் அந்த ஆள் கை காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தான். அவன் கால்களைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐயோ… யாராவது வாங்களேன்!"

ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். இருமல் அண்ணன் மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும், "சட்டியை வித்துட்டியே அக்கா" என்றார்.

"போங்கண்ணே, சனியன் விட்டதுன்னு வீட்டுக்குப் போவோம்" என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

தொடர் ஒளிபரப்பான அன்று பெயிண்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் வந்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏய், இது எனக்கு அழுதது இல்ல?"

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊரில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. தொடரும் பாதியில் நின்றுபோயிற்று.

சாரத்தில் முப்பது வருஷம் தொங்கியும் விழாத மனுஷன், ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். பக்கவாதம். இடது பக்கம் அப்படியே போயிற்று. பேச்சு குழறியது. விழுங்குவதற்கே சிரமம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"இனிமே இவர் விழக்கூடாதும்மா. விழுந்தா கழுத்து மடங்கி, எச்சில் மூச்சுக்குழாய்ல இறங்கிடும். உடனே ஒருக்களிச்சுத் தூக்கணும். உங்க ஒருத்தரால இந்த உடம்பைத் தூக்க முடியாது. முயற்சியும் பண்ணாதீங்க. ஆள் கூப்பிடுங்க."

ஆள் கூப்பிடுங்க. அவள் வாழ்க்கையே அந்த இரண்டு வார்த்தையில் வந்து நின்றது. பிள்ளை குட்டி கிடையாது. அவர்கள் இருந்தது ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டாம் தளம். எதிர்வீட்டில் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர், கீழே வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் தையல்காரர், அவருடைய வாட்டசாட்டமான இரண்டு தம்பிகள். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் நடுவில் இருக்கிற ஒரு குறுகலான காற்றுப்போக்கியில் திறக்கும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு தடவை கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். அவள் கத்தினாள். எதை எடுத்துக் கத்துவது என்று யோசிக்கவா முடியும்? வந்தது சொந்தக் குரல்தான். கூப்பிட்ட குரலுக்கு டீச்சர் சாக்பீஸ் கையோடு ஓடிவந்தாள். தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு வந்தார். தம்பிகள் இருவரும் பெயிண்டரை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். "கவலைப்படாதீங்கக்கா, ஒரு குரல் குடுங்க போதும், நாங்க இருக்கோம்" என்றார்கள். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதற்கப்புறம் வாசல் கதவைத் தாழ்போடுவதையே விட்டுவிட்டாள். ஆள் வருவதற்குத் தடை இருக்கக்கூடாது, பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் எவனோ ஒரு வேலையற்றவன், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, பழைய தொடரில் அந்த ஒரு துண்டை வெட்டினான். அவன் யார், ஏன் வெட்டினான் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். ஏதோ ஒரு பந்தாட்டத்தில் பெரிய அணி ஒன்று படுதோல்வி அடைந்த அன்று, கீழே கிடக்கிறவன் முகத்தில் அந்த அணியின் சின்னத்தை ஒட்டி, அவள் குரலோடு போட்டுவிட்டான். விடிவதற்குள் அது ஊரெல்லாம் போயிற்று. பிறகு என்ன? பரீட்சை முடிவு வந்தால் அது. பெட்ரோல் விலை ஏறினால் அது. ஆபீசில் கம்ப்யூட்டர் நின்றால் அது. மாமியார் ஊரிலிருந்து வருகிறாள் என்றால் அது. ஒரு பூனை சோபாவில் மல்லாந்து படுத்திருந்தால் அதற்கும் அது. படமே வேண்டாம் என்று குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளாளுக்கு வாயசைத்து ஆடினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை நடுக்கூடத்தில் பொத்தென்று விழ, மணப்பெண் அந்தக் குரலுக்கு வாயசைக்க, சொந்தக்காரர்கள் கூட்டமாக, "வந்துட்டோம், வந்துட்டோம்! டீ போட்டாச்சா?" என்று கத்தினார்கள். கண்ணடித்த நடிகர் பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். தொண்டை கட்டிய அம்மாள், "அது என் சொந்தக் குரல்தான், அப்படியே உள்ளிருந்து வந்துடுச்சு" என்று வாய்கூசாமல் சொன்னாள். பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி! அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

பெயிண்டருக்குத்தான் தலைகால் புரியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அந்தத் துண்டைப் பார்த்தால் சிரித்துவிடுவார். நோய் வந்தபின் அவர் சிரித்ததே அதற்குத்தான். வலது கையால் தட்டுத்தடுமாறித் தன் போனில் அதையே அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்… பொண்டாட்டி… குரல்" என்று காட்டினார். தையல்காரர் வாயைப் பிளந்தார். டீச்சர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை பண்ணிக் காட்டுங்கக்கா. பிள்ளைங்க ஆசைப்படுதுங்க."

அவள் முடியாது என்றுதான் சொன்னாள். கட்டிலில் இருந்து பெயிண்டர் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் என்ன செய்வாள்? வாசலில் நின்று கத்திக் காட்டினாள். பிள்ளைகள் ஒரே குரலில், "வந்துட்டோம், வந்துட்டோம்! டீ போட்டாச்சா?" என்றன. கட்டடமே சிரித்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கும் இனித்தது. இத்தனை வருஷம் ஊர்க் குரலில் கத்தியவளை முதல் தடவையாக ஊர் அவள் குரலுக்காகக் கூப்பிடுகிறது, இனிக்காதா? அதற்கப்புறம் விருந்தாளி வந்தால் கத்தினாள், பெயிண்டர் சாப்பிட அடம்பிடித்தால் கத்தினாள். சிரித்துக்கொண்டே இரண்டு வாய் சேர்த்து விழுங்குவார்.

ஒரு நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "ஐயோ… யாராவது வாங்களேன்!" எவனோ ஒருவனின் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. தராசுக்காரன் எடை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. தானும் திருப்பவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த பை நழுவியது. எடுத்த காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அந்த மணியை மாத்துங்க" என்றாள் பெயிண்டரிடம்.

"மா… மாட்டேன்."

"சொன்னாக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு… அழுதது. என்… என்னுது" என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழந்தையிடம் பொம்மையைப் பிடுங்குகிற மாதிரி அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

மனசு கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நிஜமாவே நான் கத்தினா வந்துருவீங்கல்ல?"

டீச்சர் சிரித்துவிட்டாள். கெட்ட மனுஷி இல்லை. தன் கையால்தான் பெயிண்டருக்கு எத்தனையோ நாள் பால் ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா? நிஜம் எது, விளையாட்டு எதுன்னு கண்டுபிடிச்சிர மாட்டோமா?"

அதுதானே, என்று அவளும் தேற்றிக்கொண்டு வந்தாள்.

அது ஒரு மத்தியானம். பெயிண்டருக்குக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவு திறந்தே கிடக்கிறதே, யாராவது வந்துவிட்டால் என்று அவருக்குக் கூச்சம். குளியலறைக் கதவைச் சாத்தச் சொல்வார். அன்றைக்கும் சாத்தினாள். உள்பக்கமாகத் திறக்கிற கதவு. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சோப்புக்குக் கை நீட்டினார். அவள் செம்பை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த மலை சரிந்தது. முதுகு கதவில் மோதி, உடம்பு கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. தாடை நெஞ்சில் அழுந்தியது. தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் பாய்ந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தால் கொஞ்சம் மூச்சு வந்தது. விட்டால் சத்தம் அடைத்தது. ஒருக்களிக்க வைக்கப் பார்த்தாள். அந்த ஈர உடம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. கதவு அசையவில்லை. போன் கூடத்தில். தலைக்கு மேலே சின்ன ஜன்னல் திறந்திருந்தது. தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, அண்ணாந்து கத்தினாள்.

"ஐயோ… யாராவது வாங்களேன்!"

காற்றுப்போக்கியில் அந்தக் குரல் மேலும் கீழும் போய்வந்தது. ஒரு நொடிதான். எங்கிருந்தோ தெளிவாகப் பதில் வந்தது.

"வந்துட்டோம், வந்துட்டோம்!"

அப்பாடா! அவளுக்கு உயிரே வந்தது. "வந்துட்டாங்கங்க, இதோ வந்துட்டாங்க" என்று அவர் காதில் சொன்னாள். அப்புறம் அந்தக் குரல் மீதியையும் சொன்னது.

"டீ போட்டாச்சா?"

எங்கேயோ இரண்டு பேர் சிரித்தார்கள். துணி அலசுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அவள் மறுபடி கத்தினாள். "நிஜமாத்தான்! விழுந்துட்டாரு! மூச்சு விட முடியல!" கீழேயிருந்து தையல்காரர், "ஆஹா, இன்னைக்குப் புது வசனமெல்லாம் சேர்த்திருக்காங்க" என்று தம்பியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. திரும்பத் திரும்பக் கத்தினாள். அவள் எவ்வளவுக்கெவ்வளவு நிஜமாகக் கத்தினாளோ, அவ்வளவுக்கவ்வளவு அது எல்லாருடைய போனிலும் இருக்கிற மாதிரியே இருந்தது. பெயிண்டரின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. கண் மட்டும் அவளையே பார்த்தது.

அப்போதுதான் அவளுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமினாள். கிழவனாகக் கத்தினாள்: "யாருப்பா அது? இங்க வாப்பா, ஆள் விழுந்து கிடக்குது!" பதில் இல்லை. குழந்தையாக வீறிட்டாள். "டீச்சர் வீட்டுப் பிள்ளைங்க அழுவுது போல" என்று யாரோ சொல்லி ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் மூச்சை அடிவயிற்றில் இழுத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முரட்டு ஆண் குரலில், "திருடன்! திருடன்! புடி, புடி, ஓடுறான்!" என்றாள். உடனே மறுபக்கம் திரும்பி இன்னொரு குரலில், "ரெண்டாவது மாடி! விடாதே, புடி!" என்றாள். ஒரு நடுத்தர வயசுப் பெண் கிறீச்சிட்டாள், ஒரு இளவட்டம் விசிலடித்தான், ஒரு கிழவன் இருமிக்கொண்டே திட்டினான். மடியில் உயிர் ஊசலாடும் புருஷனை வைத்துக்கொண்டு, ஒற்றை மனுஷியாக அவள் அந்தக் குளியலறையில் ஒரு கும்பலையே கூட்டினாள்.

தையல் மெஷின் நின்றது. கதவுகள் படார் படாரென்று திறந்தன. படியில் தடதடவென்று கால்கள் ஏறிவந்தன. தம்பிகள் கையில் இரும்புக் கம்பி. தையல்காரர் கையில் கத்தரிக்கோல். டீச்சர் துடைப்பக் கட்டையோடு. "எங்க அவன்? எங்க?" என்று திறந்து கிடந்த வாசல் வழியாக எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள்.

"இங்க" என்றாள் அவள், குளியலறைக்குள்ளிருந்து. குரலே எழும்பவில்லை.

கதவின் கீல்களைப் பெயர்த்தெடுத்து உள்ளே வந்தபோது, அவள் இன்னமும் அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொண்டைச் சத்தம் நின்றிருந்தது. பெரிய தம்பி கம்பியை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்தான். மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தான். மற்றவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

டீச்சர்தான் முதலில் உடைந்தாள். "நான்தான்க்கா… டீ போட்டாச்சான்னு கத்தினது நான்தான்க்கா. துணி அலசிக்கிட்டிருந்தேன். அண்ணனைச் சிரிக்க வைக்கத்தான் பண்றீங்கன்னு…" தலை தலையாக அடித்துக்கொண்டாள். தையல்காரர், "புலி வருது கதையா ஆயிடுச்சே" என்று முணுமுணுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புலி வருது கதையை இதற்குச் சொல்லாதீர்கள். அந்தக் கதையில் கத்தினவன் பொய் சொன்னான். இவள் என்ன பொய் சொன்னாள்? கைப்பிடித்தவன் செத்துப்போனான் என்று நம்பி ஒரு பெண் கத்திய கத்தல் அது. அதை வைத்துப் பூனைக்கும் பெட்ரோலுக்கும் சிரித்தது ஊர். திருடன் என்றதும் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரத் தெரிந்த ஜனத்துக்கு, ஆள் விழுந்தான் என்றால் வரத் தெரியவில்லை.

சாயங்காலம் கூடத்தில் பெயிண்டரைக் கிடத்தியிருந்தார்கள். நகக் கண்ணில் எப்போதோ ஏறிய நீலப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. சொந்தக்காரர்கள், ஒலிப்பதிவுக் கூடத்து ஆட்கள், இருமல் அண்ணன் எல்லாரும் வந்திருந்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அழச் சொல்லுங்க, அடைச்சுக்கும்" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். நாத்தனார் அவள் தோளை உலுக்கினாள்.

"அழுதுரு. வாய்விட்டு அழுதுரு."

அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அது கிளம்பி வந்தது. கிளம்புகிற நேரத்தில் அலமாரியில் பெயிண்டரின் போன் அடித்தது. சேதி தெரியாத யாரோ பழைய கூட்டாளி.

"ஐயோ… யாராவது வாங்களேன்! ஐயோ… யாராவது வாங்களேன்!"

வாசலருகே நின்ற ஒரு விடலைக்குத் தன்னையறியாமல் உதட்டோரம் துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? அந்தக் குரலுக்குச் சிரிக்கத்தானே அவன் பழகியிருந்தான். டீச்சர் எழுந்து போனை அமர்த்தினாள்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். எழுந்த அழுகையைக் கல்லை விழுங்குகிற மாதிரி விழுங்கினாள். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுத்தால் இந்தக் கூடத்தில் யாராவது ஒருவருக்கு டீ ஞாபகம் வரும்.

கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். விக்கல் விக்கலாக, தோள் குலுங்க, கேவிக் கேவி அழத் தொடங்கினாள். கேட்டவர்கள் நெஞ்சு கரைந்துபோயிற்று. தையல்காரர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "விடுங்க, நல்லா அழட்டும். அழுதாத்தான் பாரம் இறங்கும்" என்றாள் நாத்தனார், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இருமல் அண்ணன் மட்டும் தாங்கமுடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அது குழாயடியில் குடத்தைப் பறிகொடுத்தவளின் அழுகை என்று அவருக்குத் தெரியும்.